விரல் கிளிப்பில் 98 இருந்தும் அப்பாவுக்கு ஏன் ஆக்சிஜனைக் குறைத்தார்கள்?

செம்பனைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போனில் தட்டுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 71. சுங்கை சிப்புட்டுக்கும் குவாலா கங்சாருக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார், அப்புறம் பதினெட்டு வருடம் ஸ்மோக் ஹவுஸ் வேலை. ரப்பர் ஷீட்டைத் தொங்கவிட்டு விறகு போட்டுப் புகை ஏற்றுவார்களே, அந்தக் கொட்டகைதான். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் டவுனுக்கு வந்துவிட்டோம். சிகரெட்டும் உண்டு, அறுபது வயதில்தான் விட்டார். ஆறு வருடமாக சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று கிளினிக்கில் கார்டு, இழுக்கிற மருந்து எல்லாம் இருக்கிறது.

ஒரு வாரமாகச் சளியும் இருமலும். ராத்திரி தூக்கமே இல்லை. ஞாயிறு காலையில் தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடிக்க எழுப்பினால் எழவில்லை. கூப்பிட்டால் "ம்" என்கிறார், பாதி வார்த்தையில் மறுபடி கண் மூடிக்கொள்கிறது. அம்மா, பாவம், நாலு நாள் தூங்காத மனிதர் அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டார். கையைத் தொட்டால் கதகதப்பாக இருந்தது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை, காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்துவிட்டோம்.

அவசரப் பிரிவில் விரல் கிளிப் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டுவது) 84 காட்டியது. மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள், பத்து நிமிடத்தில் 98. எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அப்பா முன்னைவிட மந்தமாகிவிட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மூக்கில் வேறு மாதிரி ஒரு குழாய் போட்டார், அதிலிருந்து மெல்லிய கோடு மாதிரி ஒரு டியூப் மானிட்டருக்குப் போகிறது. திரையில் புதிதாக ஓர் அலை, பக்கத்தில் 61 என்று எண். அதைப் பார்த்ததும் அவர் செய்த முதல் வேலை ஆக்சிஜனைக் குறைத்ததுதான்! 98 இருந்தது 90க்கு இறங்கியது, அதுவே போதும் என்கிறார். அண்ணன் சத்தமே போட்டுவிட்டான், மூச்சுவிட முடியாத மனிதரிடம் இருந்து காற்றைப் பிடுங்குகிறீர்களா என்று. அப்புறம் மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், அதில் 78 என்றார்கள். இப்போது முகத்தில் இறுக்கமாக மாஸ்க் கட்டி பைபேப் (மூச்சுக்குத் துணையாகக் காற்றைத் தள்ளும் இயந்திரம்) ஓடிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் ஏதோ விளக்கினார். ஆனால் அந்த நேரத்தில் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. அந்த அலை என்ன? 61 என்றால் என்ன, ரத்தத்தில் மட்டும் ஏன் 78? ஆக்சிஜன் கூடினால் எப்படி ஒருவர் மோசமாக முடியும்? வீட்டுக்கு அந்தக் கருவி ஒன்று வாங்கி வைக்கலாமா, ஷோப்பியில் 'சிஓ2 மீட்டர்' என்று நூறு ரிங்கிட்டுக்கு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மிஸ்ஸி அக்கா எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. உங்கள் மனசு கேட்காமல் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, அது மிகச் சரி. மூச்சு நோய்க்காரர் காலையில் எழுப்பினாலும் எழாமல் கதகதப்பான கையோடு மந்தமாகக் கிடந்தால் அது தூக்கம் இல்லை. கரிவளி, அதாவது கார்பன் டை ஆக்சைடு, ரத்தத்தில் தேங்கினால் அப்படித்தான் ஆகும். அதற்கு முன்னாடி நாலைந்து நாளாகக் காலையில் தலைவலி என்று சொன்னாரா, கேட்டுப்பாருங்கள்.

நான் 32 வருடம் வார்டில் இருந்தவள், இப்போது ஓய்வு. எங்கள் காலத்தில் விரல் கிளிப்கூட எல்லாக் கட்டிலுக்கும் கிடையாது. நெஞ்சில் பார்வையை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவோம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் எங்கள் சிஸ்டர் திட்டுவார்.

லயத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் குழாய், பின்னால் கால்வாய். விரல் கிளிப் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. கால்வாய் அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவது அதற்குத் தெரியவே தெரியாது. உடம்புக்குள் உயிர்வளி (ஆக்சிஜன்) போவது ஒரு வேலை, கரிவளி வெளியே வருவது இன்னொரு வேலை. ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் முதல் வேலை சுலபமாகிவிடும், மூச்சு பாதியாகக் குறைந்தாலும் 98 நிற்கும். இரண்டாவது வேலைக்கு மூச்சு உள்ளே வெளியே ஓடியாக வேண்டும், வேறு வழி கிடையாது. உங்கள் டாக்டர் போட்ட மெல்லிய டியூப் அந்தக் கால்வாயைப் பார்க்கத்தான்.

அந்த அண்ணனைத் திட்டாதீர்கள். இதே சண்டையை வார்டில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் போட்டிருக்கிறார்கள், அப்பா மேல் இருக்கிற பாசம்தான் அது. ஆனால் ஆக்சிஜன் குமிழை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிற மாமா, சித்தப்பா யாராவது பாவம் பார்த்துத் திருகிவிடுவார்கள்.

இன்னொன்று கேட்கணும், தப்பாக நினைக்காதீர்கள். நாலு நாளாகத் தூக்கம் இல்லை என்றீர்கள். தூங்குவதற்கு ஏதாவது கொடுத்தீர்களா? மாத்திரை, இருமல் மருந்து, பிராந்தி, எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் சொல்லியாகணும்.

---

கோலக்கங்சார் எம்.ஏ. எழுதியது:

அக்கா சொன்னது சரி. நான் ஆம்புலன்ஸில் ஓடுகிற மெடிக்கல் அசிஸ்டென்ட், அந்த அலையைப் பற்றி நான் எழுதுகிறேன், தினமும் பார்ப்பது.

நாம் இழுக்கிற காற்றில் கரிவளி கிட்டத்தட்ட இல்லை, 0.04 விழுக்காடு. விடுகிற மூச்சில் 5 விழுக்காடு வரை இருக்கும். கரிவளி அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சும், ஏறத்தாழ 4.3 மைக்ரான் அலைநீளத்தில். அப்படி உறிஞ்சும் என்பதை ஜான் டிண்டால் 1860ஐ ஒட்டிய காலத்திலேயே சோதனையில் காட்டிவிட்டார். அந்த மெல்லிய டியூப் மூச்சில் கொஞ்சத்தை மானிட்டருக்கு உறிஞ்சி இழுக்கிறது, உள்ளே ஒரு விளக்கு அதன் வழியாக அடிக்கிறது, எவ்வளவு கதிர் குறைந்ததோ அதை வைத்துக் கணக்கு.

இப்போது திரையைப் பாருங்கள். மூச்சு விட ஆரம்பித்ததும் கோடு கொஞ்ச நேரம் தரையிலேயே ஓடும். தொண்டையிலும் குழாய்களிலும் நின்ற காற்று அது, பெரியவர்களுக்கு சுமார் 150 மில்லி, நுரையீரலின் ஆழத்துக்குப் போகாமலே திரும்பி வருவதால் கரிவளி இல்லை. அப்புறம் சடாரென்று ஏறும். ஏறி மேலே மேசைப் பலகை மாதிரி கிட்டத்தட்டச் சமமாகப் போகும், அதுதான் ஆழத்திலிருந்து வருகிற காற்று. அந்தப் பலகையின் கடைசி முனை எவ்வளவு உயரமோ அதைத்தான் எண்ணாகப் போடுவார்கள். ஆரோக்கியமான ஆளுக்கு 35லிருந்து 45 மில்லிமீட்டர் பாதரசம். மூச்சை இழுத்ததும் தொப்பென்று தரைக்கு விழும். சிறு குழாய்கள் சுருங்கியவர்களுக்கு அந்த மேசை வராது. சில பகுதி சீக்கிரம் காலியாகும், சில பகுதி தாமதமாகக் காலியாகும், அதனால் ஏறிக்கொண்டே போய் சுறாவின் முதுகுத் துடுப்பு மாதிரி சாய்வாக இருக்கும். நெபுலைசரில் மருந்து கொடுத்துவிட்டுப் பார்த்தால் துடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மேசையாக மாறும். அதை ஆம்புலன்ஸிலேயே கண்ணால் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, சொல்லி மாளாது.

61க்கும் 78க்கும் வருகிறேன். நல்ல நுரையீரலில் மூச்சில் காட்டும் எண் ரத்தத்தில் இருப்பதைவிட 2லிருந்து 5 வரைதான் குறைவாக இருக்கும். சிஓபிடியில் காற்று போகிற இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது, அங்கிருந்து வெறுமையான காற்று வந்து கலந்துவிடும், இடைவெளி பெரிதாகும். போதாததற்கு மூக்குக் குழாய், அவர் வாயால் மூச்சுவிட்டால் பாதி தப்பிவிடும், ஓடுகிற ஆக்சிஜனும் கலக்கும். ஆகவே திரை எண் உயர்ந்திருந்தால் நம்பலாம், உள்ளே அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். குறைவாக இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது. அதனால்தான் மணிக்கட்டில் குத்தி ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் சோதனை) எடுத்தார்கள். அது வலிக்கும், ஆனால் தீர்ப்பு அதில்தான்.

ஆக்சிஜன் ஏன் கெடுக்கும் என்று கேட்டீர்கள். அதிக ஆக்சிஜன் கொடுத்தால் மூச்சுவிட மூளை மறந்துவிடும் என்றுதான் எங்களுக்கும் படிக்கும்போது சொன்னார்கள், அதில் கொஞ்சம் உண்மை உண்டு, முழுக் கதை அது இல்லை. நுரையீரலில் காற்று போகாத மூலைகளுக்கு உடம்பே ரத்தத்தை அடைத்து, நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். அளவில்லாமல் ஆக்சிஜன் வந்தால் அந்த அடைப்பு திறந்துகொள்ளும், ரத்தம் கெட்ட மூலைக்குப் போய்க் கரிவளியைக் கழிக்காமலே திரும்பும். இன்னொரு பக்கம், ஆக்சிஜன் ஏறிய ரத்தச் சிவப்பணு தான் சுமந்த கரிவளியைக் கீழே இறக்கிவிடும், அதை வெளியே தள்ள அப்பாவிடம் மூச்சு பலம் இல்லை. அதனால் இவர்களுக்கு 88லிருந்து 92 என்று இலக்கு வைக்கிறோம். தாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010ல் வெளியானது, சிஓபிடி உறுதியானவர்களில் இப்படி அளவோடு கொடுத்த பக்கம் மரணம் 78 விழுக்காடு குறைவு. அதைப் படித்த பிறகு எனக்கு மாஸ்க்கைத் தூக்கும்போதெல்லாம் கை ஒரு நொடி யோசிக்கும். ஆனால் 84ல் வருகிறவருக்கு முதலில் ஆக்சிஜன் கொடுக்காமல் இருக்க முடியாது, அதில் தவறில்லை. கொடுத்துவிட்டுக் கவனித்து இறக்கணும், உங்கள் டாக்டர் அதைத்தான் செய்திருக்கிறார்.

இந்த அலையை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், போன வருடம் செம்பனை லாரி ஓட்டுகிற ஒருவர் மாரடைத்து விழுந்தார். மூச்சுக்குழாயில் குழாய் போட்டு, நெஞ்சை அழுத்திக்கொண்டே வருகிறோம், எண் 12, 13 என்றே நிற்கிறது. 10க்குக் கீழே போனால் அழுத்துகிற கை தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஆள் மாற்றுவோம். திடீரென்று 38க்குத் தாவியது. நாடி பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது, இதயம் திரும்பிவிட்டது என்று. குழாய் தவறி உணவுக்குழாயில் போனாலும் இதே அலைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், நாலைந்து மூச்சில் கோடு படுத்துவிடும். பிரிட்டனில் 2011ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஐசியுவில் மூச்சுக்குழாய்ச் சிக்கலால் வந்த மரணங்களிலும் மூளைப் பாதிப்புகளிலும் 74 விழுக்காட்டில் இந்தக் கருவியைப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று கண்டார்கள்.

கருவிக்குப் பெயர் கேப்னோகிராஃப். கிரேக்கத்தில் 'கப்னோஸ்' என்றால் புகை. ஸ்மோக் ஹவுஸில் உழைத்தவர் என்றதும் ஞாபகம் வந்தது.

---

பீடோர் மகள் எழுதியது:

ஷோப்பி மீட்டரை வாங்காதீர்கள் அண்ணா! என் அம்மாவுக்காக நான் வாங்கி ஏமாந்தவள். அது அறைக் காற்றைப் பார்க்கிற கருவி, ஜன்னலைத் திறக்கணுமா என்று சொல்லும். வெளிக்காற்று 420 சொச்சம் பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) காட்டும், நான் வாங்கியது 5000க்கு மேல் அளக்காது. எம்.ஏ. அண்ணன் சொன்ன 5 விழுக்காடு என்பது 50,000 பிபிஎம். அம்மாவை அதன் முன்னால் ஊதச் சொன்னேன், கடைசி எண்ணில் போய் முட்டிக்கொண்டு நின்றது, அம்மா பயந்துபோனதுதான் மிச்சம்.

என் அம்மா மூன்று வருடமாக ராத்திரி பைபேப் போட்டுத் தூங்குகிறார், வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் 1 லிட்டரில் ஓடுகிறது. வீட்டில் நான் வைத்திருப்பது விரல் கிளிப் ஒன்று, ஒரு நோட்டு. கிளிப்பில் 88லிருந்து 92 என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார், 96 வந்தால் எனக்குச் சந்தோஷம் இல்லை, யார் கூட்டினார்கள் என்று பார்ப்பேன். நோட்டில் காலையில் தலைவலி உண்டா, கூப்பிட்டதும் பதில் வந்ததா, பேச்சில் குழறல் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எழுதுவேன். கையை நீட்டி மணிக்கட்டைப் பின்னால் மடக்கிப் பிடிக்கச் சொல்வேன், பறவை இறக்கை அடிப்பது மாதிரி கை படபடத்தால் நேராக ஆஸ்பத்திரி. ஒருமுறை இதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன், அன்றைக்குக் கிளிப் 91 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருந்தது.

---

செம்பனைக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன், அண்ணனையும் படிக்க வைத்தேன். அவன் போய் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான்.

மிஸ்ஸி அக்கா, நீங்கள் கேட்டதை அம்மாவிடம் கேட்டேன். முதலில் இல்லை என்றார். அப்புறம் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார். சனி ராத்திரி பக்கத்து வீட்டு அக்காவிடம் தூக்க மாத்திரை ஒன்று வாங்கி அப்பாவுக்குக் கொடுத்திருக்கிறார். நாலு நாளாக உட்கார்ந்தே விடிகிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்றார். சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தவர்தான், இன்னும் நிற்கவில்லை. டாக்டரிடம் சொல்லிவிட்டேன், எழுதிக்கொண்டார், எங்களைத் திட்டவில்லை. தலைவலியும் இருந்ததாம், தைலம் தேய்த்திருக்கிறார்கள்.

நான் என்ன சொல்லி அம்மாவைத் தேற்றுவது?

---

மிஸ்ஸி அக்கா எழுதியது:

அம்மாவிடம் இந்த வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள். நாலு நாள் தூக்கம் வராததே கரிவளி ஏறுவதற்கும் மூச்சு முட்டுவதற்கும் அடையாளமாக இருந்திருக்கும். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது, நுரையீரல் ஏற்கெனவே புகையில் பழுதானது, மாத்திரை கொடுக்காவிட்டாலும் ஓரிரு நாளில் இங்கேதான் வந்திருப்பார். மாத்திரை மூச்சை மந்தமாக்கி அதை முன்னுக்குத் தள்ளியது, அவ்வளவுதான். அம்மா ஒளிக்காமல் சொன்னதால் டாக்டருக்கு எதைப் பார்க்கணும் என்று தெரிந்தது. நான் வேலையில் இருந்தபோது சொல்லாமல் விட்டவர்களைத்தான் நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன், சொன்னவர்களை நினைத்து இல்லை.

தைலம் தேய்த்ததில் தப்பில்லை. ஆனால் இனிமேல் தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, டிராமடால் மாதிரி வலி மாத்திரை, எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடமும் சொல்லிவையுங்கள், நல்ல மனசோடுதான் கொடுத்திருக்கிறார்.

பைபேப் மாஸ்க்கை அப்பா கழற்றப் பார்ப்பார். கையைக் கட்டுவதற்குப் பதில் யாராவது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு "இழுங்கப்பா, விடுங்கப்பா" என்று இயந்திரத்தோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருங்கள். முதல் இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டால் பழகிவிடும். அந்த வேலையை அம்மாவிடமே கொடுங்கள்.

---

கோலக்கங்சார் எம்.ஏ. எழுதியது:

அடுத்த ஏபிஜி வந்ததும் கரிவளி எண்ணோடு பிஎச் (ரத்தத்தின் அமிலத்தன்மை) எண்ணையும் கேட்டு எழுதுங்கள். 7.35க்கு மேல் வந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாகிவிட்டது. 78லிருந்து 40க்கு இறங்கணும் என்று எதிர்பார்க்காதீர்கள், நாள்பட்டவர்களுக்கு அவர்களுடைய வழக்கமான எண்ணே 50க்கு மேல் இருக்கலாம்.

---

செம்பனைக்காடு எழுதியது:

செவ்வாய்க் காலை. பிஎச் 7.36, கரிவளி 57. மூச்சு நிமிடத்துக்கு 20, நானே முழு நிமிடம் எண்ணினேன்.

ராத்திரி முழுக்க அம்மாதான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்று விடியலில் மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் கழற்றிவிட்டு மூக்குக் குழாயில் விட்டார்கள், கிளிப்பில் 90, யாரும் குமிழைத் தொடவில்லை. கண் திறந்து முதலில் கேட்டது தே ஓ. கொடுக்கலாமா என்று வார்டு நர்ஸைக் கேட்டேன், நிமிர்ந்து உட்காரவைத்து முதலில் ஒரு கரண்டி தண்ணீர் விழுங்க வைத்துப் பார்த்தார், இருமல் வரவில்லை, அப்புறம் சரி என்றார்.

திரையில் அந்த அலையை அப்பாவுக்குக் காட்டினேன். கருவிக்குப் பெயர் புகையிலிருந்து வந்தது என்றேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஷீட் நல்லா காஞ்சிருச்சான்னு புகை வர்ற கலரைப் பார்த்தே சொல்லுவேன்டா" என்றார்.

பீடோர் தங்கச்சி, அந்த நோட்டில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள், ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட முடியுமா? பேரை மறைத்துவிட்டுப் போடுங்கள். வியாழன் வீட்டுக்கு விடலாம் என்கிறார்கள், அதற்குள் ஒன்று தைத்து வைக்கணும்.